அப்பாவின் பலகையும் அம்மாவின் தொண்டையும்

எங்கள் அப்பாவுக்குக் காரைக்குடியில் இரண்டு பெயர். வாடகைக்கு வண்டி எடுக்க வருகிறவர்கள் 'சைக்கிள்கடைக்காரர்' என்பார்கள். வண்டி எடுக்காமல் சும்மா நின்று படித்துவிட்டுப் போகிறவர்கள் 'பலகைக்காரர்' என்பார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டால்தான் அப்பாவின் முகம் மலரும். எங்களுக்குச் சோறு போட்டதென்னவோ முதல் பெயர்தான்.

கடை, சந்தைக்குப் போகும் சாலையில் இருந்தது. தகரக் கூரையின் கீழே வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். வாசல் தூணில் ஒரு கறுப்புப் பலகை. அதன் மேல்பாதியில் மணிக்கு என்ன வாடகை, நாளைக்கு என்ன வாடகை என்று பெயின்டில் எழுதியிருக்கும். கீழ்ப்பாதி வாசகத்துக்கானது. திங்கட்கிழமை சந்தை கூடும். அன்று அப்பா வெள்ளென எழுந்து குளித்து, திருநீறு பூசி, கடையைத் திறந்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துப் புது வாசகம் எழுதுவார். அடுத்த திங்கள் வரை அது அங்கே இருக்கும்.

சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் கூடையோடும் கோழியோடும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஆளைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒருவர் அப்பாவின் வாசகத்தைக் காலை வழிபாட்டில் சொல்கிறாராம். அந்தச் செய்தி காதுக்கு வந்த நாளிலிருந்து அப்பா ஒரு சாக்பீஸைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கினார். எங்கே எப்போது எது தோன்றும் என்று சொல்ல முடியாதல்லவா?

எங்கிருந்துதான் இதெல்லாம் தோன்றுகிறது என்று யாராவது கேட்டால், "காத்தடிக்கயில வரும்" என்பார். டயருக்குக் காற்றடிக்கும்போது மனசு ஒருநிலைப்படுமாம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார்.

எங்கள் வீட்டிலோ காரியம் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அம்மா வேலை செய்துகொண்டே பேசுகிறவள். காய் நறுக்கும்போதும், துணி அலசும்போதும், எங்களைத் திட்டும்போதும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அப்பா வாங்கிப்போட்ட விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. "பச்ச வெறக வச்சுக்கிட்டு ஊதி ஊதி என் கண்ணுதான் போகுது. ரெண்டு நாளு காய விட்டா என்னவாம்" என்றாள். அந்தத் திங்கட்கிழமை பலகையில் இப்படி இருந்தது: 'காயாத விறகை ஊதுகிறவர் கண்ணைத்தான் இழப்பார். பொறுமை கொள்க.' இன்னொரு வாரம் நான் சிலேட்டுக் குச்சியைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடியதற்கு வாங்கிய திட்டு, நல்ல தமிழில் மூன்று வரியாகி சந்தைக்கு வந்தவர்களுக்கெல்லாம் உபதேசமானது.

இதை முதலில் கண்டுபிடித்தது அக்காதான். அவள் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அம்மா சிரித்தாள். "எடுத்துக்கிட்டுப் போகட்டும். நான் எங்குட்டுப் போயி எழுதப்போறேன்?" என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வருடம் எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் ஆரம்பம் அது. கடைத்தெரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லித்தரும் இன்ஸ்டிட்யூட் ஒன்று இருந்தது. அந்த வழியாகப் போனால் மேலேயிருந்து ஆலங்கட்டி மழைபோல் சத்தம் கேட்கும். அக்காவுக்கு அதில் சேர வேண்டும். அம்மாவுக்கு அக்காவைவிட அதிக ஆசை. அப்பாவும் முதலில் தலையை ஆட்டிவிட்டார். பிறகுதான் அமராவதிபுதூரிலிருந்து அத்தை வந்து சேர்ந்தார்.

"பொம்பளப் பிள்ள பத்து வெரலையும் போட்டுத் தட்டிப் படிச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? அந்த மாடி நெறைய ஆம்பளப் பயலுகளால்ல இருக்கான்" என்றார் அத்தை. அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தார் என்பதையும் சேர்த்தே இதைப் படித்துக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அவருடைய அக்கா சொன்னால் சொன்னதுதான். ஆட்டிய தலை அப்படியே நின்றுபோனது.

அம்மா விடவில்லை. சோறு பரிமாறும்போது கேட்டாள், கடைக்குக் கிளம்பும்போது கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா கை கழுவ எழுந்தபோது கடைசியாக ஒருமுறை கேட்டாள். "நாளைக்கு அவள யாரு கையில புடிச்சுக் குடுத்தாலும் சரி, அவ கையில ஒரு தொழிலு இருந்தா எவரு மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்க வேணாம்ல? அதுக்குத்தாங்க கேக்குறேன்."

"முடியாதுன்னு சொல்லியாச்சு. விடு" என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா அடுப்படி மூலையில் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாளிருந்ததால் அம்மா என்னையும் சந்தைக்கு அழைத்துப்போனாள். திரும்பும்போது கடை முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம். தலைமையாசிரியர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி, "இந்த வாரம் பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் அடக்கமாக நின்றிருந்தார். பலகையில் எழுதியிருந்தது:

'கையில் தொழில் உள்ளவர் எவர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.'

அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நிறுத்தி நிதானமாகப் படித்தாள். தலைமையாசிரியர் கிளம்பும்வரை காத்திருந்தாள். பிறகு அப்பாவுக்குக் கிட்டே போய், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் எழுதிப் போடுறீக. வீட்டுல இருக்க பிள்ளைக்கு என்ன எழுதி வச்சிருக்கீக?"

அப்பா குனிந்து ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, பட்டினியும் இல்லை. எல்லா வேலையும் நடந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. பேச்சு மட்டும் 'ம்', 'இந்தா', 'ஆச்சு' என்ற அளவோடு நின்றுபோனது. எங்கள் இருவரிடமும் அப்படித்தான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா அந்தக் கோடையில்தான் தொண்டை கட்டி, பேச்சே வராமல் கிடந்தார். அதே நோய்தான் எங்கள் அம்மாவுக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வேறு யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆகவே நானே நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "ஆடாதோடை எல நாலு, மெளகு கொஞ்சம். நல்லாச் சுண்டக் காய்ச்சணும். மறக்காமக் கருப்பட்டியப் போட்டுக்க, இல்லாட்டி தொண்டையில எறங்காது."

வீடு வந்து சேர்வதற்குள் கருப்பட்டி என் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நாலு இலைக்குக் குணமாகுமென்றால் ஒரு கைப்பிடி போட்டால் இன்னும் சீக்கிரம் குணமாகும் என்று எனக்குத் தோன்றியது. வேலியோரம் ஆடாதோடைக்குப் பஞ்சமில்லை. அடுப்புத் தணலில் கரும்பச்சையாகச் சுண்டும்வரை காய்ச்சி, டம்ளரில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோய் தினமும் காலையும் மாலையும் காய்ச்சத் தொடங்கினேன்.

அப்பாவுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் உறைத்தது. எத்தனை டயருக்குக் காற்றடித்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில், 'காற்று இருந்தால்தான் சக்கரம் ஓடும்' என்று எழுதினார். சந்தைக்கு வந்த ஒருவர் படித்துவிட்டு, "ஏண்ணே, இது எங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் பழைய விறகு வாசகத்தையே தூசு தட்டிப் போட்டார். படிக்கத் தெரியாத ஒரு கிழவர்தான் அதைக் கண்டுபிடித்தார். காதால் கேட்டே மனப்பாடம் செய்கிறவரை ஏமாற்ற முடியுமா?

வீட்டில் அப்பா என்னென்னவோ செய்துபார்த்தார். பச்சை விறகு ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். அம்மா அதைப் பேசாமல் வெயிலில் பரப்பினாள். கிரீஸ் கையைப் புதுத்துண்டில் துடைத்தார். அம்மா துண்டை எடுத்துச் சவுக்காரம் போட்டுத் துவைத்தாள். அப்பா இரகசியமாக என்னைக் கூப்பிட்டு, "அம்மா இன்னக்கி என்னமும் சொன்னுச்சா?" என்று கேட்பார். "ம்-ன்னு சொன்னுச்சு" என்பேன். அவரும் அம்மாவின் தொண்டையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த சந்தை நாளில் பலகையின் கீழ்ப்பாதி வெறுமையாகவே இருந்தது. நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கூட்டம் நின்றிருந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் என்னிடம், "என்னம்மா, அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல சார். அம்மாவுக்குத்தான் தொண்ட சரியில்ல. அதான் எழுதல."

"அம்மாவுக்குத் தொண்ட கெட்டா அப்பாவுக்கு எப்படி எழுத வராமப் போகும்?"

இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். "அம்மா வாயத் தொறந்து சொன்னாத்தான சார் அப்பா எழுதுவாக?" என்றேன்.

பம்பின் சத்தம் நின்றது. அந்தக் கிழவர், "அடி ஆத்தி, அப்பப் பலகைக்காரரு வீட்டுலயில்ல இருக்காக!" என்று வாய்விட்டுச் சிரித்தார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அம்மா கடைசியாக என்னதான் சொன்னார்கள் என்று கேட்டார். பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற உற்சாகத்தோடு நான் ஒப்பித்தேன். "ஊருக்கெல்லாம் எழுதிப் போடுறீக. வீட்டுல இருக்க பிள்ளைக்கு என்ன எழுதி வச்சிருக்கீக?"

அப்பாவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. தலைமையாசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "மூத்த பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. தேறிருச்சே, மேற்கொண்டு என்ன செய்யுது?" என்று அப்பாவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

சந்தை நாளில் மத்தியானம் கடையடைத்தது அப்பா ஆயுளிலேயே அன்று ஒருநாள்தான். நேரே வந்து அடுப்படி வாசலில் நின்றார். "இப்ப என்ன, டைப்பு அடிக்கணும், அம்புட்டுத்தான? சேத்து விடுறேன். அமராவதிபுதூர் அக்காகிட்ட மொதல்ல ஒரு வார்த்த பேசிட்டு..."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பேசிட்டுச் சேக்காதீக. சேத்துட்டுப் பேசுங்க."

நான் துள்ளிக் குதித்தேன். "கஷாயம் கேட்டுருச்சு! கஷாயம் கேட்டுருச்சு!" என்று கத்தினேன். அக்கா அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பாவின் கை, அவரையறியாமல் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸைத் தொட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதிக்கங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அக்கா இன்ஸ்டிட்யூட் மாடிப்படி ஏறினாள். அடுத்த நாள் அத்தை வீட்டுக்குப் போய் அப்பா பேசினார். அடுத்த சந்தை நாளில் பலகையில் 'பேசிவிட்டுச் செய்யாதீர்கள். செய்துவிட்டுப் பேசுங்கள்' என்று இருந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில், 'வீட்டில் சொன்னது'. அந்தச் சின்ன வரியை எல்லோரும் ஏன் இரண்டுமுறை படித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பரீட்சை இரண்டும் முடித்து, தேவகோட்டையில் ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அத்தை மகனுக்காகப் பெண் கேட்டு வந்தபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று அக்காவே பதில் சொன்னாள்.

அம்மாவின் தொண்டையைக் குணப்படுத்தியவள் நான்தான் என்று வெகுநாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா ஒருமுறைகூட மறுக்கவில்லை. "ஆமா, இவ கைமருந்துதான்" என்பாள். கல்யாணமாகி வந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. பழைய ஞாபகத்தில் ஆடாதோடையைப் பறித்து, ஒரு கைப்பிடி போட்டு, கருப்பட்டி இல்லாமல் அதேபோலக் காய்ச்சினேன். முதல் மடக்கை வாயில் வைத்ததும் முற்றத்துக்கு ஓடிப்போய்த் துப்பினேன். அதன் கசப்பு சாயங்காலம்வரை நாக்கை விட்டுப் போகவில்லை.

நான் அதுவரை அதைச் சுவைத்துப் பார்த்ததே இல்லை. அம்மா அத்தனை நாளும் காலையும் மாலையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். தனக்கு நோய் ஒன்றும் இல்லை, இது வேண்டாம் என்று எனக்கு விளங்கவைக்க அவளுக்கு ஒரு முழு வாக்கியம் தேவைப்பட்டிருக்கும். அக்கா அந்த மாடிப்படி ஏறும்வரை அந்த ஒரு வாக்கியத்தைக்கூட அவள் எனக்காகச் செலவழிக்கவில்லை.