அக்காவின் வானுக்கு ரயர் தேடிய மூன்று கிழமை

சென்ற மாசி மாதம் நானும் அக்காவும் எங்கள் வான் வண்டியில் மணற்காட்டுக் கடற்கரைக்குப் போய்வந்த படங்களை இந்தப் பக்கத்தில் போட்டேன். அதற்குப் பிறகு, "என்ன ரயர் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டவர் ஒருவர்தான். பரவாயில்லை, ரயர் கதையையே சொல்கிறேன். மணற்காடு எங்கள் உடுப்பிட்டி வீட்டிலிருந்து பதினேழு கிலோமீற்றர். அந்தப் பதினேழு கிலோமீற்றரைக் கடக்க எங்களுக்கு மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், பிடித்தது.

முதலில் வான் எதற்கு என்று சொல்லவேண்டும். என் அக்கா கிறேஸ் முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பித்தவர். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு வீதி விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். ஊர் சுற்றும் ஆசை மட்டும் குறையவில்லை. ஆனால் நாங்கள் விசாரித்த தங்குமிடங்களில் ஒன்றில் வாசலில் மூன்று படி, இன்னொன்றில் குளியலறைக் கதவு நாற்காலியைவிட ஒடுக்கம். "அப்ப படுக்கையை நாங்களே கொண்டு போவம்" என்றார் அக்கா.

அப்படி வாங்கியதுதான் இந்த இருபத்தைந்து வருடப் பழைய ஜப்பான் வான். முன்பின் நான்கு சில்லும் இழுக்கும் ஃபோர்வீல் வகை. உள்ளே ஒரு கட்டில், அறுபது லீற்றர் தண்ணீர்த் தாங்கி, அடுப்பு, நாற்காலியைத் தளத்தோடு பூட்டும் கொளுக்கிகள். பின்கதவிலிருந்து நிலத்துக்கு எட்டடி நீளமான மடிப்புச் சாய்தளம். வல்வெட்டித்துறையில் படகு வேலை செய்யும் ஒருவர் அலுமினியத்தை உருக்கி ஒட்டிச் செய்து தந்தார். வானின் தளம் நிலத்திலிருந்து 24 அங்குல உயரம். அந்த உயரத்துக்கு நான் ஒருவனாகவே அக்காவைத் தள்ளி ஏற்ற முடியும். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

வானோடு வந்த ரயர்கள் முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு வேறு அளவு. நெல்லியடி மெக்கானிக் பார்த்தவுடன் தலையில் கை வைத்தார். "உதோட ஃபோர்வீலைப் போட்டுக்கொண்டு ஓடினியளெண்டால் பெட்டி உடைஞ்சு போயிடும்" என்றார். சிறிய சில்லு கூடுதல் தடவை சுற்றும், பெரிய சில்லு குறையச் சுற்றும். நான்கையும் ஒன்றாக இழுக்கும் கியர்ப் பெட்டி அந்த வித்தியாசத்தைத் தாங்காது. ஆகவே நான்கும் வானின் கதவில் ஒட்டியிருந்த ஒரே அளவில் வேண்டும், மாற்றுக்கு வைக்கும் மேலதிகச் சில்லோடு சேர்த்து ஐந்து.

ஒரு சனிக்கிழமை காலை 7.40க்குப் புறப்பட்டு, வல்லை வெளியால் யாழ் நகருக்கு 8.35க்குப் போய்ச் சேர்ந்தேன். 29 கிலோமீற்றர். அக்காவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். அது முதல் பிழை.

முதலாவது கடையில் எங்கள் அளவே இல்லை. இரண்டாவது கடையில் இரண்டு மட்டும் இருந்தன.

"மற்ற மூண்டும்?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரும்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது கொழும்பிலைதான் கேக்கவேணும்."

மூன்றாவது கடையில்தான் சிக்கினேன். அந்த முதலாளி வானைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, "ஃபோர்வீல் வானுக்கு உந்தச் சின்ன ரயரே போடப்போறியள்? பாக்கிற ஆக்கள் சிரிப்பினம்" என்றார். சேற்றில் ஓடும் ஆழமான பல் வைத்த பெரிய ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். எங்கள் அளவைவிட விட்டத்தில் இரண்டே முக்கால் அங்குலம் பெரிது. அதற்கேற்ற பதினாறு அங்குல அலோய் றிம்மும், அதாவது ரயர் ஏறும் கலப்புலோக வளையமும், வைத்திருந்தார். நான் படம் எடுத்து, வான் விஷயம் எல்லாம் தெரிந்தவர் என்று எங்கள் குடும்பம் நம்பும் ரொறன்ரோ மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே இரவு. ஆனாலும் இரண்டு நிமிடத்தில் "போடு" என்று பதில் வந்தது, கூடவே மலையுச்சிகளில் நிற்கும் வான்களின் பதினான்கு படங்கள்.

அக்காவுக்கும் அழைத்துச் சொன்னேன்.

"உயரம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டார்.

"ஒரு இஞ்சி, மிஞ்சினால் ஒண்டரை."

"அளந்து பாத்தனியோ?"

"கடைக்காரர் சொல்லுறார், அக்கா."

"கடைக்காரரே வந்து என்னைத் தள்ளி ஏத்தப்போறார்?"

அத்தோடு நான் திரும்பி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ரயர்கள் பூட்டி முடிந்து சுக்கானை முழுவதும் திருப்பியபோது, முன்சில்லு மட்காட்டில் உராய்ந்தது. முதலாளி அசரவில்லை. "ஸ்பிரிங்குக்கு ரெண்டு இஞ்சித் துண்டு வைச்சு உயர்த்தினால் சரி" என்றார். பிற்பகல் மூன்றரை மணி. காலையிலிருந்து ஒரு தேநீர்தான். துண்டை வைக்கச் சொன்னேன். மேலதிகச் சில்லு அடுத்த கிழமை தருவதாகச் சொன்னார். எல்லாமாக 385,000 ரூபாய். என் பழைய இரும்பு றிம்களைக் கழிவு விலைக்குத் தானே எடுத்துக்கொண்டார். அதையும் விட்டுக்கொடுத்தேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

திரும்பி வரும் வழியில் வல்லை வெளியில் மணிக்கு அறுபது ஓடினேன். ரயர்ப் பல்லின் இரைச்சலில் தலைக்குள் அரவை ஆலை ஓடுவதுபோல இருந்தது. பக்கத்தில் யாரும் இருந்திருந்தால் கதைத்திருக்க முடியாது.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து பத்தரை மணிக்கு அக்காவை ஏற்றிப் பார்த்தேன். சாய்தளத்தை விரித்தவுடனேயே அது வழமையைவிடச் செங்குத்தாக நின்றது. நாற்காலியின் கால்தட்டு சாய்தளத்தின் அடியில் முட்டியது. பின்னுக்கு இழுத்து, முன்சில்லைத் தூக்கி ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். முக்கால்வாசி ஏறியிருப்போம். என் செருப்பு அலுமினியத்தில் வழுக்கியது. நாற்காலியின் முழுப் பாரமும் என் நெஞ்சுக்கு வந்தது. அக்கா ஒரு கையால் கதவின் விளிம்பைப் பிடித்துவிட்டார். அந்தப் பிடி இல்லாவிட்டால் இரண்டு பேரும் முற்றத்தில் கிடந்திருப்போம். ஒரு நிமிடம், அல்லது அதற்கும் மேல், அப்படியே நின்றோம்.

"மெல்ல இறக்கு" என்றார்.

இறக்கினேன். கதவு விளிம்பு வெட்டி அவருடைய உள்ளங்கையில் இரத்தம். அதைத் துடைத்துக்கொண்டே, "அளவுநாடாவை எடு" என்றார். அளந்தேன். இருபத்தேழே கால் அங்குலம்.

"நீ எனக்கு வான் செய்யிறியோ, மச்சானுக்குப் படம் அனுப்பச் செய்யிறியோ?"

அன்று அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். "பூட்டின சாமான் திருப்பி எடுக்கிறேல்லை" என்று முதலாளி சொன்னார். பழைய றிம்களையாவது தாருங்கள் என்றேன். அவை சனிக்கிழமை பின்னேரமே விலைப்பட்டுவிட்டனவாம். இரண்டாவது கடையில் எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை அரியாலைக்குப் புறப்பட்டேன். என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்த ரூபன் அங்கே பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கிறான். இந்த முறை அக்காவும் வந்தார். வீட்டு வாசலில் இருக்கும் சீமெந்து மேடைக்கு வானைப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தியதால் ஏற்ற முடிந்தது. இறங்கும்போது ரூபனின் வேலையாட்கள் இருவர் பிடித்தார்கள். பிறர் தூக்குவது அக்காவுக்குப் பிடிக்காது. முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ரூபனிடம் ஆறு இரும்பு றிம்கள் இருந்தன. எங்கள் வானைப்போலவே ஆறு நட் போடுபவை. அதோடு எங்கள் வானுக்குரிய அளவில் ஐந்து ரயர்கள், கரும்பளிங்குபோல மின்னின. நான் உடனே விலை கேட்கத் தொடங்கினேன். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு ரயர்களுக்குப் பக்கத்தில் போனார். நாங்கள் குனிந்து பார்க்கவேண்டிய எழுத்தெல்லாம் இருந்தபடியே அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"ரூபன், இந்த நாலு இலக்கம் என்ன?"

"அது கொம்பனி நம்பர், அக்கா."

"முப்பத்தெட்டு, பதின்மூண்டு. ரெண்டாயிரத்துப் பதின்மூண்டாம் ஆண்டு முப்பத்தெட்டாம் கிழமை செய்ததெண்டு அர்த்தம். போன கிழமை முழுக்க இருந்து வாசிச்சனான். உந்த ரயருக்கு இப்ப பள்ளிக்கூடம் போற வயசு, ரூபன்."

"பாக்க நல்லாத்தானே இருக்கு" என்றான் அவன்.

"பொலிஷ் அடிச்சால் நானும் நல்லாத்தான் இருப்பன்."

ரூபன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு ஒழுங்காகக் கதைத்தான். றிம்களை அக்கா ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கச் சொன்னார். நெளிந்திருந்த ஒன்றுக்கு வேறு எடுத்தோம். நடு ஓட்டையையும் என்னைக்கொண்டு அளப்பித்தார். என் பெரிய ரயர்களையும் அலோய் றிம்களையும் கிளிநொச்சியில் ஜீப் வைத்திருக்கும் ஒருவருக்கு ரூபன் 290,000க்கு விற்றுத் தந்தான். இரும்பு றிம் ஒன்று 9,000. புதிய ரயர்கள் ஐந்தை அவனே கொழும்பிலிருந்து எடுப்பித்தான், ஒன்று 51,000. தாரிலும் மணலிலும் ஓடக்கூடிய நடுத்தரப் பல், வானுக்குரிய அளவு, பக்கத்தில் எழுதியிருக்கும் பார எண் 105. ஒரு ரயர் 925 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். தண்ணீர், கட்டில், நாங்கள் எல்லாம் சேர்த்து எங்கள் வான் 2,380 கிலோ. தாராளம்.

பதினொரு நாளில் வரும் என்று சொன்ன புதன்கிழமை ரயர்கள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளி பத்து மணிக்கு வந்தன. அக்கா ஐந்திலும் நாலு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் பூட்டவிட்டார். ஸ்பிரிங் துண்டுகளைக் கழற்ற இரண்டு மணித்தியாலம். கடைசியில் அளவுநாடாவை நான் பிடிக்க, அவர் வாசித்தார்.

"இருபத்துநாலேகால். காலை விடுறன்."

அடுத்த நாள் காலை 6.10க்கு மணற்காட்டுக்குப் புறப்பட்டோம். நெல்லியடியால் போய் 6.50க்குக் கிராமத்து வீதி முடியும் இடத்தை அடைந்தோம். மணற்குன்றுகளில் வாகனம் ஏற்றக்கூடாது. மீனவர்கள் உழவு இயந்திரத்தில் படகு இழுக்கும் பாதை ஒன்று சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தால் கடலுக்குப் போகிறது, ஏறக்குறைய அறுநூறு மீற்றர். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் எட்வேட் அண்ணையிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினோம். ரயரின் காற்றை முப்பத்தைந்து இறாத்தல் அழுத்தத்தில் இருந்து பதினெட்டுக்கு இறக்கினேன். நானூறு மீற்றரில் வான் புதைந்தது.

எட்வேட் அண்ணை நடந்து வந்து ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் காத்தை விடுங்கோ. எஞ்சினை உறுமவேண்டாம், மெல்லப் பின்னுக்கு எடுத்திட்டு வாங்கோ."

பதினைந்துக்கு இறக்கினேன். வான் முனகிக்கொண்டு வெளியே வந்து, கடைசி இருநூறு மீற்றரையும் தாண்டியது. எனக்குக் கைகொட்டவேண்டும்போல இருந்தது. சாய்தளத்தை விரித்து அக்காவை இறக்கினேன். நாலடி போனதும் நாற்காலியின் சின்ன முன்சில்லு இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. மூன்று கிழமையாக வானின் சில்லைப் பற்றி மட்டும் கதைத்த எங்களில் ஒருவருக்கும் நாற்காலியின் சில்லு நினைவுக்கு வரவில்லை. கடல் இன்னும் முப்பது மீற்றர் தள்ளி இருந்தது.

"தூக்கிக்கொண்டு போவமே, தங்கச்சி?" என்று எட்வேட் அண்ணை கேட்டார்.

"வேண்டாம் அண்ணை" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னைத் திரும்ப ஏத்து. வானைப் பின்னுக்கு விடு" என்றார்.

ஈர மணல் இறுக்கம், அதில் நிற்கலாம் என்று எட்வேட் அண்ணை முன்னே நடந்து இடம் காட்டினார். நான் பின்பக்கமாக ஓட்டினேன். அலை வந்து தொடும் கோட்டுக்கு இரண்டு மீற்றர் முன்னால் நிறுத்தினேன். சாய்தளத்தின் நுனி தண்ணீருக்குள் இருந்தது. அக்கா அதன் அடிவரை தானே இறங்கிப் பிரேக்கைப் போட்டார். அலை கால்தட்டுக்கு மேலால் வந்தது. காலில் அவருக்கு உணர்வில்லை. குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டு, நாற்காலி உருட்டி உருட்டி ஆறாமலிருந்த உள்ளங்கைக் காயம் எரிந்தும் எடுக்காமல் வைத்திருந்தார்.

"வீட்ட போனவுடனை வானின்ரை அடியெல்லாம் நல்ல தண்ணியிலை கழுவவேணும். உப்பு தின்னும்" என்று மட்டும் சொன்னார். ஒன்பதரை மணிவரை அங்கே இருந்தோம்.

இனி, கேட்டவர்களுக்கு. வானின் கதவில் ஒட்டியிருக்கும் அளவையே முதலில் தேடுங்கள். அதைவிடப் பெரிதாகப் போடுவதானால் உங்களோடு பயணம் செய்பவர் ஏறி இறங்கிப் பார்த்த பிறகு போடுங்கள். ஐந்து ரயரும் ஒரே அளவாக இருக்கட்டும். நாலு இலக்கத் திகதியைப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். பழைய றிம்மை யாருக்கும் கொடுக்காதீர்கள். இரும்பு றிம் நெளிந்தால் ஊரில் அடித்து நிமிர்த்தலாம், அலோய் வெடித்தால் ஒன்றும் செய்ய இயலாது. மணலுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு இறாத்தல் போதும். ஆனால் தார் வீதிக்கு வந்தவுடன் திரும்ப அடிக்கக் காற்றுப் பம்பி கொண்டு போங்கள். எங்களுக்கு அதற்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது.

இப்போது நாற்காலிக்கு மணலில் புதையாத அகலமான சில்லு தேடுகிறோம். யாழ்ப்பாணத்தில் ஐந்து கடைகளில் நான் தனியாகக் கேட்டேன். ஐந்திலும், "எந்த வானுக்கு?" என்று கேட்டார்கள். ஆறாவது கடைக்கு அக்காவும் வருகிறார்.