வெறுந்தண்ணீரில் ஒரு பிள்ளைப்பேறு

முதலில் எனக்குக் கோப்பி மணம் பிடிக்காமல் போனது. பிறகு மாதவிடாய் நின்றது. இரண்டையும் கூட்டிப் பார்த்து, நாற்பத்தொரு வயதுக்காரியான நான் கண்ட முடிவு, வயது போய்விட்டது என்பதுதான். மாதவிடாய் ஓயும் பருவத்தைப் பற்றி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்து வாசித்து, அதற்கு வேண்டிய மனப்பக்குவத்தையும் ஓரளவு வரவழைத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் சிறுநீரைச் சோதித்துவிட்டுப் புத்தகங்களை மாற்றி எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணவர் சிவநேசனிடம், பிள்ளை வரப்போகிறது என்றேன்.

"ஆருக்கு?" என்று கேட்டார்.

கர்ப்பம் நோயல்ல என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஆனால் நாற்பதுக்கு மேல் அது வந்தால், சந்திப்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் விசாரிக்கிறார்கள். இதை வாசிக்கிற ஒருத்தி அந்தத் தாழ்ந்த குரல்களுக்கு நடுவே இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இரண்டு தடவை பெற்றவள், அவ்வளவுதான்.

முதற்பிள்ளைப்பேறு ஊரில் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாத்திக் கிடத்தி, கத்தக்கூடாது என்றார்கள். கத்தினேன். கடைசியில் மயக்க ஊசி போட்டு, ஆயுதம் (பிள்ளையின் தலையைப் பிடித்து எடுக்கும் இடுக்கி) வைத்து எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது உறவினர் எல்லோரும் மகளைப் பார்த்து முடித்து, மூக்கு தகப்பனுடையது என்று தீர்மானமும் நிறைவேற்றியிருந்தார்கள்.

என் பிள்ளையை நான் கடைசி ஆளாகத்தான் பார்த்தேன். அதில் யாரிலும் குற்றமில்லை. பிள்ளை சுகமாக இருந்தாள். என்றாலும், பெரிய விருந்தொன்றைச் சமைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தூங்கிப்போனவளுடைய மனக்குறை எனக்குப் பதினான்கு வருடமாக இருந்தது. இந்தமுறை விழித்திருக்க வேண்டும். முதலில் நான் பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

அப்போது நாங்கள் குடியேறியிருந்த ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவிச்சிகளை அரசாங்கம் முறைப்படி அங்கீகரித்து அதிக காலம் ஆகவில்லை. எனக்கு வாய்த்தவர் ஹெலன். நரைத்த தலை, பெரிய கைகள். நான் மல்லாந்து படுக்கப் பயப்படுவதைக் கவனித்துவிட்டு, தண்ணீருக்குள் பெறுவதைப் பற்றி யோசித்ததுண்டா என்று கேட்டார். யோசித்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறெதையும் யோசிக்கவில்லை.

"பிள்ளை தண்ணீரைக் குடித்துவிடாதா?" என்று கேட்டேன்.

"இத்தனை மாதமும் தண்ணீருக்குள்தானே இருக்கிறது," என்றார் ஹெலன். "தொப்புள்கொடி வழியாகப் பிராணவாயு வந்துகொண்டிருக்கும். முகத்தில் காற்றுப் பட்டதும்தான் பெரும்பாலும் மூச்சு எடுக்கத் தொடங்கும். பிறந்தவுடன் மேலே எடுத்துவிடுவோம். எடுத்த முகத்தைத் திரும்பத் தண்ணீருக்குள் விடமாட்டோம்."

பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ, இரத்தம் மிதமிஞ்சிப் போனாலோ, பனிக்குடநீரில் (வயிற்றுக்குள் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் நீர்) பிள்ளையின் மலம் கலந்திருந்தாலோ, தொட்டியை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் சொன்னார். நேர்த்தி வைத்ததுபோல முடித்தே தீருவேன் என்று நிற்கக்கூடாது என்பதை நானும் விளங்கிக்கொண்டேன். நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வந்தவர் புவனேஸ் மச்சாள். சிவநேசனின் தமக்கை, பக்கத்து நகரமான பிறம்ரனில் இருந்து மூன்று பயணப்பையும் ஒரு பெரிய அலுமினியச் சட்டியுமாக வந்து இறங்கினார்.

"என்ன கௌரி, தண்ணிக்கை இருந்து பெறப்போறீராம்?"

"ஓம் மச்சாள்."

"பிள்ளையே பெறப்போறீர், மீனே?"

"ஸ்கான்லை ரெண்டு கால் தெரிஞ்சது மச்சாள்."

"பகிடி விடாதையும். பிள்ளைப்பெத்த உடம்பிலை பச்சைத்தண்ணி பட்டாலே சன்னி வந்திடும். இவ தொட்டிகட்டி நீந்தப்போறா."

சன்னி என்றால் குளிர் பிடித்துக் காய்ச்சலும் பிதற்றலும் வருவது. அதற்குப் பயந்துதான் எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளை ஐந்தாம் நாள் வரைக்கும் தண்ணீரின் பக்கம் விடுவதில்லை. ஐந்தாம் நாள் வேது (வேப்பிலையும் வேறு இலைகளும் மஞ்சளும் போட்டு அவித்த தண்ணீர்) ஊற்றிக் குளிக்க வார்ப்பார்கள். அலுமினியச் சட்டி அதற்குத்தான் வந்திருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை வலி தொடங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்த மல்வேர்னில் எங்களுடையது வரிசை வீடுகளில் ஒன்று. சிவநேசன் இருப்பறைக் கதிரைகளைச் சுவரோடு ஒதுக்கி, வாடகைக்கு எடுத்த நீலத் தொட்டியை விரித்து, குசினிக் குழாயில் இருந்து தண்ணீர் நிரப்பினார். பள்ளி விஞ்ஞானப் பொருட்காட்சியில் நிற்கும் பையனைப் போல, வெப்பமானியை நிமிடத்துக்கொருமுறை உள்ளே விட்டுப் பார்த்தார். நான் மேல்மாடியில் நடந்துகொண்டிருந்தேன். ஹெலனும் துணை மருத்துவிச்சியும் மதியத்துக்குப் பிறகு வந்தார்கள்.

ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கி வந்தபோது, தொட்டி நிறைய மஞ்சளாகப் பருப்புக் குழம்பு இருந்தது. பக்கத்தில் வெறும் சட்டியோடு மச்சாள் நின்றார். முகத்தில் நல்லதொன்றைச் செய்து முடித்த நிறைவு.

"வெறுந்தண்ணிக்கை எப்பிடிப் பெறுறது? வேது அவிச்சு ஊத்தினனான். இனிக் கிருமியும் வராது, குளிரும் பிடியாது."

ஹெலன் கையைத் தண்ணீருக்குள் விட்டார். மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போனது.

"நல்ல மணம்," என்றார். "ஆனால் எனக்கு அடி தெரிய வேண்டும். எவ்வளவு இரத்தம் போகிறது, தலை எப்படி வருகிறது என்று இதற்குள்தான் நான் பார்க்க வேண்டும். மன்னியுங்கள், இதை வெளியேற்றத்தான் வேண்டும்."

"சுடுதண்ணி முடிஞ்சுது," என்றார் சிவநேசன். "ராங்கிலை தண்ணி திரும்பச் சுட ஒரு மணித்தியாலம் செல்லும்."

ஹெலன் என்னைச் சோதித்தார். கருப்பைவாய் பெரும்பாலும் விரிந்துவிட்டது. அவ்வளவு நேரம் நமக்கு இருக்காது, கட்டிலில் பெறலாம், அதுவும் நல்ல பிறப்புத்தான் என்றார். தலையாட்டினேன். தலைக்கு அது விளங்கியது. ஆனால் அவர் சோதிக்கும்போது மல்லாந்து கிடந்த அந்தச் சில நொடிகளிலேயே உடம்பு பதினான்கு வருடம் பின்னால் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டது.

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார். சிவநேசன் சொன்னார். மச்சாள் வெறும் சட்டியைக் கீழே வைத்தார். தம்பியின் பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வலிக்கும் வலிக்கும் இடையில் நான் சன்னலால் பார்த்தது இதுதான். பனிக்குள் அயல்வீட்டு ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட சட்டி, அதில் இருந்து ஆவி. கோயிலில் பால்குடம் எடுத்து வருவதுபோல் இருந்தது, சப்பாத்துக்களைத் தவிர. ஐம்பது பேருக்குப் புக்கை (பொங்கல்) வைக்கிற சட்டி இல்லாத தமிழ் வீடு அந்த வரிசையில் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வாசலில் மச்சாள் காவல் நின்றார்.

"உள்ளுக்கை ஒருத்தரும் வரப்படாது. வைச்சிட்டுப் போங்கோ. இதுக்கை ஒண்டும் போடேல்லைத்தானே?"

"இல்லை அக்கா, வெறுந்தண்ணி. என்ன விசேஷம்?"

"பிள்ளைப்பேறு."

"அதுக்கேன் இவ்வளவு தண்ணி?"

"நீர் பெத்தனீரோ? வைச்சிட்டுப் போம்."

ஒவ்வொரு சட்டியையும் திறந்து மணந்து பார்த்தார். ஒன்றில் ஏலக்காய் வாசம் வந்ததென்று திருப்பி அனுப்பினார்.

மஞ்சள் தண்ணீரை வெளியேற்றித் துடைத்த தொட்டியில் கொதிநீரும் குளிர்நீரும் கலந்து, உடம்புச் சூட்டுக்கு வந்து, என் வயிற்றளவுக்கு ஏறியதும் ஹெலன் தலையசைத்தார். இறங்கினேன்.

வலி போய்விடும் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். போகவில்லை. ஆனால் என் பாரம் போய்விட்டது. மாதக்கணக்காகச் சுமந்துகொண்டு திரிந்த உடம்பை யாரோ கையில் வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. வலிக்கு ஒரு கரை தெரிந்தது. கரைக்கு வந்து, மூச்சுவிட்டு, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க முடிந்தது. பயப்படுவதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழந்தாளில் நின்று தொட்டியின் விளிம்பைப் பிடித்தேன். தலை வந்தது. அடுத்த வலியில் உடல் வழுக்கி வந்தது.

"கையைக் கீழே விடுங்கள்," என்றார் ஹெலன்.

விட்டேன். அடி தெரிகிற தண்ணீரில், என் இரண்டு கைகளுக்கும் நடுவில், கண்ணைத் திறந்தபடி ஒரு முகம். அழவில்லை. அவசரப்படவில்லை. பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு தூக்கினேன். காற்றுப் பட்டதும் சின்னதாக ஒரு தும்மல், அதற்குப் பின்னால் அழுகை.

அது ஒரு இமைப்பொழுது என்று ஹெலன் சொல்கிறார். நேரத்தைக் குறிக்கக் கடிகாரத்தோடு நின்ற சிவநேசன், பார்க்க மறந்துவிட்டேன் என்கிறார். நான் இரண்டு பேரோடும் வாதாடுவதில்லை.

நச்சுக்கொடி (பிள்ளைக்கு ஊட்டம் கொடுத்த சதை) நான் தொட்டியை விட்டு ஏறிக் கதிரையில் இருந்தபோது வெளியேறியது. ஒரு தையல். பிறகு வந்தவை எல்லோருக்கும் வருகிறவைதான்: இரத்தப்போக்கு, நித்திரையின்மை, நாற்பத்தொரு வயது முழங்கால்கள்.

ஐந்தாம் நாள் மச்சாள் வேது அவித்தார். குளியலறையில் என்னை உட்கார்த்தி, சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

"இப்ப ஊத்தலாமோ?"

"ஊத்துங்கோ மச்சாள்."

மஞ்சள் தண்ணீர் தோளால் இறங்கி, தளர்ந்து காலியான வயிற்றில் வழிந்தது. உடம்பு மறுபடியும் பாரமாக இருந்தது. ஆனால் இப்போது அது என்னுடைய பாரம். எனக்குத் தெரிந்த பாரம்.

"பெடியன்ரை மூக்கு எங்கடை ஆக்களின்ரை," என்றார் மச்சாள். "பாத்தனீரே?"

"ஓம் மச்சாள், பாத்தனான்."

பார்த்தேன்தான். தண்ணீருக்குள் அவன் யாருடைய மூக்கையும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. யாரையும்போல் இருக்கவில்லை. எங்களுடைய ஆளாவதற்கு அவன் காற்றுக்கு வர வேண்டியிருந்தது. அந்த இமைப்பொழுது எனக்கு இன்னும் முடியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விடும்போதெல்லாம், அடி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.