வளையலோடு வாசிக்க ஓர் உருளை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாடகக் கம்பெனியில் கிட்டார் வாசித்து வளர்த்தேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை.

அந்தக் கிட்டாருக்கு வயிற்றில் தகடு உண்டு. மைக் இல்லாத கொட்டகையிலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். மடியில் படுக்கப் போட்டு, இடது கையால் ஓர் உருளையைக் கம்பிகள் மேல் வழுக்கவிட்டு வாசிக்க வேண்டும். எந்த உருளை நல்லது என்று பழக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் பட்ட வெட்கத்தைச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை.

அப்போது சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். மாதக்கணக்காகத் தகவல் இல்லை. காமயகவுண்டன்பட்டியில் மாமியாரும் இரண்டு குழந்தைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். மலை எஸ்டேட் துரை விட்டுப்போன கிட்டாரை வாத்தியார் வாங்கி வந்தார். கம்பெனி முதலாளியை அப்படித்தான் சொல்வோம். உருளை மட்டும் கூட வரவில்லை.

மருந்து பாட்டிலின் கழுத்தை அறுத்துப் பார்த்தேன். கனம் போதவில்லை, கம்பி கிர்ரென்றது. கருங்காலிக் கட்டையில் சத்தம் அமுங்கியது. பஸ் ஷெட்டில் கொடுத்த பழைய பிஸ்டன் பின், எஞ்சினுக்குள் கிடக்கும் இரும்புக் குழல், அதுதான் வாய்விட்டுப் பாடியது. ஆனால் அது ஒல்லி. கை தாழ்ந்து, மேல் ஸ்தாயிக்குப் போனதும் கண்ணாடி வளையல்கள் தகட்டில் இடித்தன.

வாத்தியார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இது கிட்டாரா, வளையக்காரன் பெட்டியா? இடது கையில கெடக்குறதக் கழட்டிட்டு வாசி. இல்லன்னா எனக்கு ஆர்மோனியம் போதும்."

கழற்றினேன். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. அந்தச் சத்தத்தை விட மனசில்லாதது மீதி.

தேவாரம் ஊரில் நாடகம். முன்வரிசைப் பெண்கள் என் கையையே பார்த்தார்கள். வாசிப்பில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்து, இன்னும் நன்றாகக் கையை நீட்டி வாசித்தேன். முடிந்ததும் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எப்ப ஆத்தா தகவல் வந்துச்சு?"

அப்படியெல்லாம் இல்லை என்று வலது கை வளையலைக் காட்டினேன். "புருசன் இருக்கையிலயா?" என்று கையை உதறிவிட்டாள். அதற்குள் வேறு சிலர் ஊருக்குச் செய்தி கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். அத்தை தலைமுடியை விரித்துப் போட்டு, மகன் பேரைச் சொல்லி மாரடித்துக்கொண்டிருந்தார்.

"தந்தி எதுவும் வரலத்தே. வாசிக்க எடஞ்சலா இருந்துச்சுன்னு நாந்தான் கழட்டுனேன்" என்றேன்.

அழுகை நின்றது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, என்மேல் படாமல் ஒதுங்கிப் போனார்கள்.

பிறகு அத்தை கேட்டார், "வளையல் என்னடி எடஞ்சல் பண்ணுச்சு?" சொன்னேன். உள்ளே போய், தான் வெற்றிலை இடிக்கும் சின்ன இரும்பு உலக்கையைக் கொண்டுவந்தார். பல் இல்லாதவர், இடித்துத்தான் போடுவார்.

"இது தடியா இருக்கு. இத வச்சா கை மேல நிக்குதா பாரு."

நின்றது. வளையல் தகட்டில் படவில்லை. பஸ் ஷெட்டில் அதன் கொண்டையை வெட்டி, அரம் போட்டு வாங்கிக்கொண்டேன். கடைசி நாடகம் வரைக்கும் அதுதான் என் உருளை.

என் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். வந்த இரண்டாம் நாள், அம்மா ஏன் வெற்றிலை போடுவதில்லை என்று கேட்டார். "பிடிக்கலப்பா" என்றார் அத்தை. வேறோர் உலக்கை வாங்கித் தர வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் நின்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

பழகுகிற பிள்ளைகளே, சத்தத்தைக் கேட்டு உருளை எடுக்காதீர்கள். உங்கள் கை எங்கே நிற்கிறது என்று பார்த்து எடுங்கள். அது யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேத்தி, என் எழுத்து கோணலாக இருக்கும். அத்தை வெற்றிலையை விட்ட இடத்தை மட்டும் உன் தாத்தாவுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு.