சாரலை நம்பி விற்ற பங்கு

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் வழியில் துண்டுக் கடை வைத்திருக்கிறேன். அன்று காலை நல்ல சாரல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செல்போனில் பங்குச் சந்தையைப் பார்த்தேன். ஒரு ஏசி கம்பெனிப் பங்கு ஏறியிருந்தது. இந்தக் குளிரில் ஏசி யார் வாங்குவார்கள், கட்டாயம் இறங்கும் என்று நினைத்தேன்.

கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கி ஈடுகட்டுவதுதான் ஷார்ட் செல்லிங். அன்றைக்குள் வாங்கிவிட வேண்டும். மகளின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த பணத்தை ஈட்டுத்தொகையாகக் கட்டி ஐந்நூறு பங்கு விற்றேன்.

விலை இறங்கவில்லை. மதியம், ஒரே நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பில் போய் நின்றது. நஷ்டமானாலும் போகட்டும் என்று வாங்கப் போனேன். விற்க ஒருவர்கூட இல்லை. நான் வாங்கித் தராத பங்கைச் சந்தையே நாளை ஏலத்தில் எடுக்கும்; என்ன விலையானாலும் நான்தான் கட்ட வேண்டும்.

"எதுக்கு அந்தப் போனைப் போட்டுக் குத்துதீக? பிள்ளை நாளைக்கு பீஸ் கட்டணும்னு சொல்லுதா," என்றாள் துண்டு மடித்துக்கொண்டிருந்த மனைவி.

துண்டு வாங்க வந்தவர் சொன்னார்: "சென்னையில வெயில் தாங்கலண்ணே. ஏசிக்குச் சொல்லி ஒரு மாசமாச்சு, இன்னும் வரல. அதான் இங்க ஓடி வந்துட்டோம்."

மூன்றரைக்குச் சந்தை மூடியது.

அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று வெளியூர்க்காரர்கள் தினமும் என்னைக் கேட்பார்கள். அவர்கள் ஊர் எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.