நாலு மணிக்கு ஒரு ரவுண்டு

பிரசவம் முடிந்து, கூட இருந்த அம்மாவும் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, விவேக் நகர் வாடகை வீட்டில் நானும் என் மகனும் நாலு சுவரும்தான். கணவர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். பிள்ளை அழுவான், அதைப் பார்த்து நானும் அழுவேன். வாணியம்பாடியிலிருந்து மாமியார் போன் செய்து, "பச்ச ஒடம்புக்காரி, வெளிய கிளிய போயிடாதம்மா, காத்து கருப்பு அண்டிடும்" என்பார். அப்போது நான் இருந்த எரிச்சலுக்குக் காத்தும் கருப்பும் என்னைப் பார்த்துத்தான் ஓடியிருக்கும்.

என்னை வெளியே இழுத்தவள் எதிர்வீட்டுக்காரி. இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் மகளும் என் மகனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஒரு நாள் நாலு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கேட்டைத் தட்டினாள்.

"ஏன்க்கா, வூட்லயே உக்காந்துக்கினு சுவத்தப் பாத்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும். வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

அன்றிலிருந்து தினமும் நாலு மணி ரவுண்டு. தெருவில் கைக்குழந்தையோடு இருந்த இன்னும் இரண்டு பேரையும் விடாமல் பிடித்துச் சேர்த்துக்கொண்டாள். சர்ச் மைதானத்தில் பழைய போர்வையை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, வேகவைத்த கடலை தின்றபடி புருஷன்மார்களின் மானத்தை வாங்குவோம். சில நாள் ஆட்டோவில் அல்சூர் ஏரி வரைக்கும் போவோம். நாலு மணிக்குள் குளித்துத் தலை வாரவேண்டுமே என்று எனக்கு ஒரு அவசரம் வந்தது. போன உயிர் திரும்பியது போல இருந்தது. மாமியாரிடம் மூச்சு விடவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. காய்ச்சல் அடித்தாலும் அவள் வராமல் இருக்கமாட்டாள். மழை என்றால் குடையோடு வந்து நிற்பாள். திரும்பும்போது அவள் நடை தளர்ந்துவிடும். "இன்னொரு ரவுண்டுக்கா" என்பாள். வீட்டு வாசலுக்கு வந்தால் பூட்டில் சாவியைப் போடாமல், "எங்க வூட்டுக்காரரு ஸ்கூட்டர் சத்தம் கேக்குற வரைக்கும் இருங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அவருக்கு மின்சார இலாகாவில் வேலை. நேரம் காலமும் கிடையாது, லீவு நாளும் கிடையாது.

"அடிக்கிறாரா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சீ, அவரு பசுக்கா."

"அப்புறம் என்னடி, உள்ள பேயா இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நானும் பாப்பாவும்தான்க்கா இருக்கோம்" என்றாள்.

பிறகு ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் பந்த் வந்தது. கடை இல்லை, பஸ் இல்லை. மெயின் ரோட்டில் டயர் எரியும் நாற்றம் தெருவுக்குள் வந்தது. முன்பொரு முறை இதே தகராறில் தமிழர் வீடுகளைத் தாக்கியதை எல்லோரும் கேட்டிருந்தோம். என் கணவர் ஜன்னலைச் சாத்தி, டிவியை ஊமையாக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் ரவுண்டு இல்லை. இரண்டாம் நாளும் பந்த்.

அன்று மத்தியானம் எங்கள் கதவு இடிபட்டது.

"பாகிலு தெகீரி! பாகிலு தெகீரி!" கன்னடத்தில் கதவைத் திறக்கச் சொல்லும் குரல்.

"தெறக்காத" என்று கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இடி ஓயவில்லை. அப்போது வெளியே ஒரு குழந்தை வீரிட்டது. என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது.

"ஐயோ, அது பாப்பாங்க!" கையை உதறிவிட்டு ஓடித் திறந்தேன்.

எதிர்வீட்டுக்காரி செருப்பில்லாமல் நின்றிருந்தாள். தெருவில் தமிழ் காதில் விழக்கூடாது என்று கன்னடத்தில் கத்தியிருக்கிறாள். உள்ளே வந்ததும் குழந்தையை என் மேல் திணித்தாள்.

"வச்சுக்கோங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பாப்பாவ இடுப்புல வச்சுக்கினே சம்ப் மூடியத் தெறந்துட்டேன்க்கா" என்றாள். அவள் வீட்டுக்கு முன்னால் தரைக்குள் ஆழமாகக் கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டி அது.

"தண்ணி எடுக்கவாம்மா?" என்று கேட்டார் என் கணவர், ஒன்றும் புரியாமல்.

அவள் அவரைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கதவைத் திறக்கவே நடுங்கிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். இரும்பு மூடி விழும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"பாப்பா பொறந்ததுலேர்ந்துக்கா. வெளிய இருந்தா அந்த நெனப்பு வராது. உங்ககூட இருந்தா வராது."

எங்களுக்காகத்தான் எங்களைக் கூட்டிப்போகிறாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அவள் பக்கத்தில் வரவில்லை, எதிர்ச் சுவரிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் பந்த்தாக்கா?" என்றாள்.