விரதமும் உப்பும் என் சம்பந்தியும்

எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழித்ததும் கசக்கிப் போடுவதில்லை. அது முதலில் என் சம்பந்தியின் கைக்குப் போகும். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து நிற்பார். நான் தாளை அவர் புறங்கையின் மேல் வைத்து இருபது வரை எண்ணுவேன். தாள் சும்மா கிடந்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி. படபடத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒருநாள் நிறுத்த மறந்து, தாள் பறந்து, நான் பதறிப்போய் ஆட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டேன். ஜங்லிகாட் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் அங்கேயும் சம்பந்தி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

சம்பந்தி என்றால் என் மகளுடைய மாமியார். சின்னப் பிள்ளையில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். எங்கள் தீவில், சௌல்தாரி கிராமத்தில் வாழ்க்கைப்பட்டார். புருஷன் போன பிறகு பாக்குத் தோட்டத்தை மூத்த மகனிடம் விட்டுவிட்டு, இளைய மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த இளைய மகன்தான் என் மருமகன். நானோ பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மரைன் ஹில்லில் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நானும் அதே வீட்டுக்கு வந்தேன். ஆக ஒரே அறையில் இரண்டு சம்பந்திகள், ஒரே ஃபேன். என் மருமகன் பாவம், தினமும் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

சம்பந்திக்கு வெகு காலமாக ஒரு நோய் உண்டு. சில மாதம் மனசு ஆகாயத்தில் பறக்கும், தூக்கம் வராது, பேச்சு நிற்காது. சில மாதம் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரி கிடப்பார். லித்தியம் என்ற மாத்திரைதான் அவரை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் அவர் அவராக இருப்பார். வாய் மட்டும் அப்படியேதான் இருக்கும். அது நோயில்லை, பிறவி.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் தரவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மாத்திரையைக் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைத்து அப்புறம் துப்புகிறவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். சம்பந்திக்கும் அப்படித்தான் பார்த்தேன். வாயைத் திறந்து காட்டிவிட்டு, பல்லு எத்தனை இருக்கு, அதையும் எண்ணிக்கங்க என்பார்.

அந்தச் சமயத்தில் எனக்கு பிரஷர் என்று சொன்னார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, எனக்கு மட்டும் குறைப்பேனா? வீடு முழுக்கக் குறைத்தேன். ஊறுகாய் ஜாடியையும் கருவாட்டையும் அலமாரியில் மேல்தட்டுக்கு ஏற்றினேன். மகளும் மருமகனும் எனக்குத் தெரியாமல் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டது பிற்பாடுதான் தெரிந்தது. சம்பந்தி மட்டும் நான் போட்டதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டார். எனக்கு ஒரே பெருமை. என் பேச்சைக் கேட்கிற ஒரே ஆள் இவர்தான் என்று பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பங்குனி வந்தது. எங்கள் பக்கத்து மாரியம்மன் கோவிலில் பால்குடம் எடுப்பார்கள். சம்பந்தி தானும் எடுக்க வேண்டும் என்றார்.

அதில் ஒரு பழைய கதை இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் அவர் ஒருமுறை பால்குடம் எடுத்தார். அப்போது மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார். பாதி வழியில் ஆட ஆரம்பித்தார். எல்லோரும் அருள் வந்திருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மேளம் நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. கும்பிட்டவர்களே கடைசியில் குடத்தை அவர் தலையிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம், நீங்கள் உட்கார்ந்து பூக்கட்டுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள். அவரும் பூக்கட்டுவார். ஒரே ஒரு தடவை, கிளம்பின இடத்திலிருந்து அம்மன் தலையில் ஊற்றுகிற வரைக்கும் குடம் தன் தலையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை என்னிடம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரிச் சொன்னார்.

கோவிலில் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி ஓர் அம்மா இருக்கிறார். அன்றைக்குக் குடத்தை இறக்கினவரும் அவர்தான். நான் நேரே போய் அவரிடம் பேசினேன். இத்தனை வருஷம் வார்டில் இருந்தவள் நான் இருக்கிறேன், இவருக்கு நான் ஜவாப் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார். சம்பந்தி கையில் மஞ்சள் காப்பு கட்டினார்கள். பதினைந்து நாள் விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு, அதிலும் உப்பு கிடையாது. பால் சோறு, வாழைப்பழம், அவ்வளவுதான்.

உப்பில்லாத விரதம் என்றதும் எனக்கு இன்னும் சந்தோஷம். உடம்புக்கு ரொம்ப நல்லது என்று வேறு சொல்லி வைத்தேன்.

ஐந்தாம் நாள் தேத்தண்ணி கிளாஸ் அவர் கையில் ஆடியது. பசி மயக்கம் என்று நினைத்தேன். ஆறாம் நாள் வயிற்றால் போனது. வாழைப்பழத்தின் மேல் பழியைப் போட்டேன். ஏழாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர், அலை அடிக்கும்போது கப்பல் தளத்தில் நடக்கிறவர் மாதிரி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். என்ன சம்பந்தி இது நடை என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார், எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. நாக்கு குழறியது. நடை தள்ளாடியதற்குக்கூட நான் பயப்படவில்லை. அந்த வாய் குழறியதும்தான் எனக்கு உறைத்தது. வெயில் ஏறும் முன்னே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் தங்கிப்போயிருந்தது. நான் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டேனோ என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள், அட்டையில் மாத்திரை சரியாக இருந்தது. இளவயது லேடி டாக்டர், மெயின்லேண்டிலிருந்து வந்தவர், சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். அப்புறம் கேட்டார்:

"கர் மே நமக் கிஸ்னே பந்த் கியா?"

வீட்டில் உப்பை நிறுத்தியது யார் என்று. என் மகள் என்னைப் பார்த்தாள். மருமகன் சுவரைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தபடியே சம்பந்தி, அந்தக் குழறுகிற நாக்கோடு, என்னை நோக்கி ஒரு விரலை நீட்டினார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த மருந்து உப்புக்கு உறவுக்காரன் மாதிரி. உடம்பில் உப்பு குறைந்தால், உடம்பு இதையே உப்பென்று நினைத்து வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வயிற்றால் போனாலும் வெயிலில் வேர்த்தாலும் இன்னும் மோசம். தினமும் ஒரே அளவு உப்பு, தாராளமாகத் தண்ணீர், அதுதான் இவருக்குப் பத்தியம் என்றார். பிரஷர்காரிக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லக் கூடாதாம். என் காலத்தில் வார்டில் இந்த மாத்திரைக்காரர்களுக்குத் தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். சாப்பாடு ஆஸ்பத்திரி சமையலில் உப்பு போட்டே வந்துவிடும். அதனால் உப்பைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை வருஷமும் நாக்குக்கு அடியில் பார்த்தேன், தட்டைப் பார்க்கவில்லை.

மாத்திரையை நிறுத்தி வைத்து, நரம்பு வழியாக பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் நாக்கு திருந்திவிட்டது. திருந்திய நாக்கு கேட்ட முதல் கேள்வி, பாட்டிலில் என்ன இருக்கிறது என்பது. மலையாளி சிஸ்டர் உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்.

"ஐயோ, என் விரதம் போச்சா?"

"வாயால சாப்பிட்டாத்தான் சம்பந்தி அதுல சேர்த்தி. கை வழியா போனது அம்மனுக்குத் தெரியாது."

"அம்மனுக்குத் தெரியாதாம். உப்பு விஷயம் உங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். அந்த சிஸ்டர்தான் தாளைப் புறங்கையில் வைத்து நடுக்கம் பார்க்கிற வித்தையைக் காட்டினார். வார்டில் நானும் பார்த்ததுதான், வீட்டுக்கு வந்ததும் மறந்துபோயிருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். பால்குடம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, வெயிலுக்கு முன்னால் முடிகிற காரியம் என்றால், வயிறு காலியாக இல்லை என்றால், உப்பும் தண்ணீரும் சரியாக இருந்தால் போகட்டும் என்றார் டாக்டர். திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது.

நான் கஞ்சியில் உப்புப் போட்டு நீட்டினேன். சம்பந்தி கையைக் காட்டினார். காப்பு இருந்தது.

"இது கையில கெடக்கும்போது உப்பு தொட ஏலாது. வேணும்னா மாத்திரைய விட்டுர்றேன். நாலு நாளுதானே."

பழைய பால்குடத்தின்போதும் இப்படித்தான், சாமி காரியம், சில நாள்தானே என்று மாத்திரையை விட்டார். அதன் பிறகுதான் குடத்தை இறக்கினார்கள். உப்பு இல்லாமல் மாத்திரை கொடுத்தால் மறுபடி ஆஸ்பத்திரி. மாத்திரை இல்லாமல் விட்டால் மறுபடி ஆட்டம். காப்பை அவிழ்த்தால் பால்குடமே இல்லை. ஜவாப் நான்தான் என்று ஊருக்கே சொல்லியும் வைத்திருக்கிறேன். திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவர் கஞ்சியைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போனேன். பூசாரி முன்னே கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அம்மனுக்குப் பணிவிடை செய்கிறார். நான் போகும்போது பலிபீடத்துக்கு முன்னால் பெருக்கிக்கொண்டிருந்தார். திருவிழாச் சமயத்தில் வேண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் உப்பும் மிளகும் கொண்டுவந்து அங்கே கொட்டுவார்கள். குவியலாகக் கிடந்தது. நான் டாக்டர் சொன்னது, மாத்திரை, ரத்தம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விரதத்தில் ஏதாவது விலக்கு உண்டா என்று கேட்டேன். அவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, என்ஜின் அறையில் வேர்த்து வேர்த்து ஆள் சுருண்டு விழுந்தால் உப்புத் தண்ணீர்தான் கொடுப்போம் என்று ஏதோ கப்பல் கதை சொன்னார். பிறகு சம்பந்தியிடம் கேட்டார்.

"தாயி, இந்த உப்பு யாருது?"

"கொண்டாந்து போட்டவங்களுது."

"போடுற வரைக்கும் அவங்களுது. போட்ட பிற்பாடு?"

பூசாரி குனிந்து, குவியலின் மேலாக ஒரு கை கல்லுப்பு அள்ளி, மிளகைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். மஞ்சள் துணியில் முடிந்து சம்பந்தி கையில் கொடுத்தார்.

"நீங்க கடை உப்பைத் தின்னா விரதம் போச்சு. இது அவ குடுக்குறது. வேணாம்னு சொல்றதுக்கு நீங்க யாரு? கஞ்சியில போட்டுக் குடிங்க."

சம்பந்தி முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கஞ்சி கேட்டார். நாக்கில் உப்பு பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு மாசமாச்சு இந்த ருசியப் பார்த்து, உங்க சமையலத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. மாத்திரையை நீட்டினேன். கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார்.

அந்த நான்கு நாளும் காலையில் தாள் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் ஓரம் கொஞ்சம் ஆடியது. இரண்டாம் நாள் ஆடினது ஃபேனா கையா என்று எங்களுக்குள் சண்டை. திருவிழாவுக்கு முந்தின நாள் ரத்தம் கொடுத்தோம். அளவு சரி என்று டாக்டரே போனில் சொன்னார். நான்காம் நாள் தாள் அசையவே இல்லை.

திருவிழாக் காலையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து கிளம்பினோம். நிறைய மஞ்சள் புடவை, முன்னால் மேளம். நான் பக்கத்திலேயே நடந்தேன். என் பையில் ஒரு பாட்டில் மோர், அம்மன் உப்பு போட்டது. மேளம் நிற்கிற இடத்தில் எல்லாம் ஒரு மூடி ஊற்றி அவர் வாயில் விட்டேன். இரண்டாவது நிறுத்தத்தில் முன்னால் போன தெலுங்குப் பெண் எனக்கும் கொடுங்கள் என்று கேட்டாள். மூன்றாவதில் பாட்டில் காலி. முன்பு ஆட்டம் ஆரம்பித்த அந்தத் திருப்பம் வந்தது. மேளம் உறுமியது. இரண்டு பேர் ஆடினார்கள். சம்பந்தி ஒரு கையால் குடத்தைப் பிடித்தபடி, என் பக்கம் சாய்ந்து, நீங்க ஏன் சம்பந்தி இப்படி மூச்சு விடாம வர்றீங்க, எனக்கு ஒண்ணுமில்ல என்றார்.

கோவிலுக்குள் போனதும் தலைவி அம்மா கையை நீட்டினார், குடத்தை வாங்கிக் கொடுக்க. சம்பந்தி தரவில்லை. தானே இறக்கினார். தானே பூசாரி கையில் கொடுத்தார். பால் அம்மன் தலையில் வழிந்து முகத்தில் இறங்கியது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அது முடிந்ததும் சம்பந்தி அந்த அம்மாவுக்கு நேரே திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்தார். எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. என்னிடம் காலண்டர் தாள் இல்லை. அங்கே கிடந்த வேப்பங்கொத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, இதை இவர் கை மேல் வையுங்கள் என்று அந்த அம்மாவிடமே கொடுத்தேன். அவர் வைத்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். அந்த அம்மாவும் கூடவே எண்ணினார். பதினெட்டு வந்தபோது எனக்கு இலை தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

"கண்ணத் தொடச்சிட்டுப் பாருங்க சம்பந்தி. இன்னும் ரெண்டு இருக்கு" என்றார்.