மூன்றாம் வரிசையைச் சுற்றிய வயர்

கடந்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது தரையில் ஓடிய ஒரு கறுப்பு வயர். மைதானத்தின் நீலக் கோட்டைக் குறுக்கே கடந்து, மூன்றாம் வரிசையின் வலது ஓரத்து நான்கு கதிரைகளை இரண்டு முறை சுற்றி, மண்டபத்தின் நடுவே இருந்த ஒலிக் கலவை மிக்ஸர் மேசையை நோக்கி அது போனது. காலில் தடக்காதபடி முழத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் பதினாறு வருடம் செய்தி எழுதியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

அந்த வயர் அப்பாவுக்காகப் போடப்படுவது. அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

அப்பா இக்காஸ்டில் ஒரு நெசவாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். தறிகளின் சத்தம் அவருடைய காதை வருடத்துக்குக் கொஞ்சமாகக் கொண்டுபோனது. காதுக்குள் வைக்கும் பஞ்சு மூடிகள் ஆலை வாசலில் ஒரு பெட்டியில் எப்போதும் இருந்தன. முதல் ஆறு வருடமும் அவர் அவற்றை எடுக்கவில்லை. டேனிஷ் அரைகுறையாக விளங்குகிற புது ஆள், கூப்பிடுவதும் கேட்காமல் நின்றால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஓய்வு பெற்றபோது, முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். கொம்யூன் என்கிற நகரசபை கொடுத்த இரண்டு காதுக் கருவிகளும் பெரும்பாலும் சட்டைப் பையில் இருக்கும். போட்டால் கரண்டி விழுகிற சத்தமும் கதவு அடிபடுகிற சத்தமும் மனிதர் பேசுவதும் ஒரே அளவில் மண்டைக்குள் இறங்கும் என்பார். வீட்டில் அவர் எங்களிடம் அடிக்கடி கேட்டது ஒன்றுதான்: “எல்லாரும் ஒரேயடியாக் கதையாதேங்கோ.”

எனக்கு மூன்று வயது மூத்த அக்கா ஆர்ஹுஸில் மின்னியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் படிப்பை விட்டுவிட்டு, இசைக்குழுக்களோடு ஊரூராகப் போய் ஒலி அமைக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். லொறியில் ஸ்பீக்கர்களோடு போய், அவற்றைக் கூரையில் தொங்கவிட்டு, மண்டபத்தின் ஒவ்வொரு மூலையிலும் நின்று கேட்டு, எங்கே பாட்டு குழம்புகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துகிற வேலை. அந்தச் செய்தியைச் சொல்ல அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். ஆண்களோடு பஸ்ஸில் படுத்து எழும்புவதைப் பற்றியோ, ஊர் என்ன சொல்லும் என்பதைப் பற்றியோ அப்பா கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“சத்தத்தாலை நான் செவிடானன். நீ அதையே தொழிலாக்கப் போறியோ?”

“அப்பா, நான் காதுக்கு மூடி போடுவன்.”

“என்ன?”

“மூடி போடுவன் எண்டு சொல்லுறன்!”

“கத்தாதை.”

“கத்தாட்டி உங்களுக்குக் கேக்காதே!”

அந்தக் கடைசி வசனம் அவருக்கு நன்றாகவே கேட்டது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அக்கா அன்று பின்னேர ரயிலில் திரும்பிப் போனாள். காது கேட்கிற மனிதரோடு சண்டை பிடித்தால் பிறகு ஒருநாள் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லிச் சரிக்கட்டிவிடலாம். அப்பாவிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். மன்னிப்பைக் கத்திச் சொல்ல அக்காவுக்கு வரவில்லை. தொலைபேசி அவருக்கு உதவாது. எழுதி அனுப்ப இருவருக்கும் ரோஷம் விடவில்லை. அம்மா இருந்தவரை இரண்டு பக்கச் செய்தியையும் அவர் காவினார். அம்மா போனபின் அந்த வழியும் அடைபட்டது. அக்கா வீட்டுக்கு வருவாள், சமைப்பாள், அப்பாவின் மருந்துப் பெட்டியை நிரப்பி வைப்பாள், போய்விடுவாள். அப்பா யன்னலால் அவளுடைய கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அதற்குள் அவள் ஒரு தமிழ் இசைக்குழுவின் தலைமை ஒலிப் பொறியாளராகி நோர்வே, ஜெர்மனி, சுவிஸ் என்று சுற்றிக்கொண்டிருந்தாள். ஹோர்சன்ஸில் நிகழ்ச்சி வந்தபோது என்னை அழைத்தாள்.

“டேய், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. கதிரையைச் சுத்தி ஒரு வயர் போடுறன். கருவியிலை டி எண்டு ஒரு நிலை இருக்கு. அதிலை விட்டால் வெளிச் சத்தம் ஒண்டும் வராது. நான் அனுப்புற பாட்டு மட்டும் நேரா அவற்ரை காதுக்குள்ளை போகும்.”

அப்பாவை இசைய வைக்க ஒரு வாரம் எடுத்தது.

“எனக்கென்னத்துக்கு? மேளக்காரன்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கவோ?”

“அக்காவின்ரை வேலையைப் பாக்கலாம், அப்பா!”

“அவளின்ரை வேலை கேக்கிற வேலை. அதிலை பாக்க என்ன கிடக்கு?”

ஆனாலும் நிகழ்ச்சி நாளன்று காலையிலேயே சவரம் செய்து, அம்மா தேர்ந்தெடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அன்று நடந்த பிழை என்னுடையது. வயரின் முனையை என்னிடம் தந்து, மேசைக்குப் பின்னால் போய் ஆறாவது துளையில் செருகச் சொன்னாள் அக்கா. அங்கே பன்னிரண்டு துளைகள் ஒரு வரிசையில் இருந்தன. ஆறாவதில் பாட்டு வரும். ஏழாவது, அக்காவும் மேடையோரத்தில் நிற்கும் அவளுடைய உதவிப் பொறியாளரும் ஹெட்செட்டில் கதைத்துக்கொள்ளும் வழி. மண்டபத்தில் வேறு எவருக்கும் அது கேட்காது. பின்பக்கமாகக் குனிந்து நின்ற நான் தவறான முனையிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டில் அந்தப் பக்கத்து ஆறு, இந்தப் பக்கத்து ஏழு.

நிகழ்ச்சி தொடங்கி நாற்பது நிமிடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் கைதட்டும்போது அப்பா தட்டவில்லை. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது அசையாமல் இருந்தார். ஒரு பாட்டின் நடுவில், எதுவும் நடக்காத இடத்தில், சிரித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். இடைவேளையில் அவர் கருவியை டி நிலையிலிருந்து மாற்றிக்கொள்ளும்வரை நின்று காதருகே குனிந்தேன்.

“பாட்டு எப்பிடி, அப்பா?”

“பாட்டு ஒண்டும் வரேல்லை. அவள்தான் கதைக்கிறாள்.”

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. “ஐயோ, மாத்தி விடுறன்.”

“விடு.” என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பக்கத்து ஸ்பீக்கர்ப் பெட்டியைக் கொஞ்சம் வெளியாலை திருப்பச் சொன்னவள். மூண்டாம் வரிசையிலை தன்ரை தேப்பன் இருக்கிறாராம், அவருக்கு நோகக் கூடாதாம். டேனிஷிலைதான் சொன்னவள். எனக்கு விளங்கினது.”

பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல: “கத்தாமல் கதைக்கிறாள்.”

அதன்பின் டென்மார்க்கில் அந்தக் குழுவின் எந்த நிகழ்ச்சியையும் அவர் தவறவிடவில்லை. ஹோர்சன்ஸ், வைலே, ஒருமுறை கொப்பன்ஹேகன். ஒவ்வொரு முறையும் அக்கா வயரை ஆறாவதில் செருகிவிட்டு மேடைக்குப் போவாள். நான் ஒருவரும் பாராத நேரம் அதைக் கழற்றி ஏழாவதில் செருகுவேன். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுவேன். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா கேட்டிருந்தார். தெரிந்தால் கூச்சப்பட்டுக் கதைக்க மாட்டாள் என்பது அவருடைய பயம். இரண்டரை மணி நேரம் எழுநூறு பேருக்கு நடுவில் அவர் முழு நிசப்தத்துக்குள் உட்கார்ந்திருப்பார். எப்போதாவது அக்கா பொத்தானை அழுத்தி ஒரு வசனம் சொல்லுவாள். வயலினைக் கொஞ்சம் இறக்கு. மண்டபம் சூடேறுகிறது, மூன்று பாகை கூடிவிட்டது, ஒலி விரைந்து போகும், பின்வரிசை ஸ்பீக்கரின் நேரத்தைத் திருத்துகிறேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார். பின்னால் இருந்தவர்கள் பாட்டுக்குத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்தார்கள். “உன்ரை கொப்பருக்குப் பாட்டிலை நல்ல விருப்பம், ஆனா ஒரு தாளமும் சரிவரேல்லை” என்று இக்காஸ்ட்காரர் ஒருவர் என்னிடம் சிரித்தார்.

ஒரு தடவை அவள் தொண்டை நோகிறது என்று உதவிப் பொறியாளரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் வைலேயில் நிகழ்ச்சி. அப்பா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டு வந்தார். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்த தண்ணீர். “அவளிட்டைக் குடு” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எனக்குத் தொண்டை நோவெண்டு ஆர் இவருக்குச் சொன்னது?”

“எனக்கென்ன தெரியும்.”

அக்கா மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் போன வயரை ஒருமுறை பார்த்தாள். ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிட்டு, “சீனி காணாது” என்றாள். அவ்வளவுதான்.

அந்த உதவிப் பொறியாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டேனிஷ்காரர். சில மாதம் கழித்து, வயர் சுற்றிக்கொண்டு நின்ற என்னிடம் வந்து சொன்னார்: “உன் அக்கா இப்போதெல்லாம் ஹெட்செட்டில் என்னோடு தமிழில் பேசுகிறாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்குவதில்லை. மரியாதைக்கு ‘யா’ என்று சொல்லி வைக்கிறேன்.” இருவரும் சிரித்தோம். நான் அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நான்கு நாட்டில் நான்கு மொழியில் வேலை செய்கிறவள், களைப்பில் மொழி மாறிப் போகிறது என்று நினைத்தேன். யார், எப்போது, எங்கே என்று கேட்டுப் பிழைத்தவன், ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் அப்பா செய்தி சொல்லுவார். வாழ்நாள் முழுதும் மற்றவர்கள் சொன்ன செய்தியைக் கடைசியாக அறிந்துகொண்ட மனிதர், இப்போது எனக்கு முந்தி அறிந்துவைத்திருந்தார். அவள் ஆர்ஹுஸில் வீடு மாறுகிறாளாம். புது வீட்டு யன்னலில் கடல் தெரியுமாம். அம்மாவின் கறித்தூள் அளவு ஒரு கொப்பியில் இருந்ததாம், இப்போது காணவில்லையாம். மறுநாள் அப்பா அந்தக் கொப்பியைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிரதி பண்ணினார்.

ஒரு நாள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் சொன்னார்: “அவளுக்கு இடது காதிலை இரைச்சலாம். டொக்டரிட்டைக் காட்டினவளாம். பெரிசா ஒண்டுமில்லையாம். இனி மூடி போடாமல் வேலை செய்ய மாட்டாளாம். பயப்படத் தேவையில்லையாம்.”

வண்டியை ஓட்டிக்கொண்டே தலையசைத்தேன். அவர் மேலும் சொன்னார்: “நான் அண்டைக்குச் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை.”

“அதை அவளிட்டைச் சொல்லுங்கோவன்!” என்று கத்தினேன்.

“எப்பிடிச் சொல்லுறது? அந்த வயர் ஒரு பக்கந்தானே போகுது.”

இந்த வசனத்தை வீட்டுக்குப் போய் எழுதி வைத்தேன். அவர் சொன்னதில் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தது இது ஒன்றுதான். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வயர் விஷயம் தெரிந்துவிடும், தெரிந்தால் அவள் நிறுத்திவிடுவாள், அப்பாவின் இரண்டரை மணி நேரம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

மாசி மாதத்தில் அவர் இறந்தபோது அக்கா நோர்வேயில் இருந்தாள். அடுத்த நாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். அப்பாவின் சாம்பல் நிறக் கோட்டுப் பையில் காதுக் கருவிகள் இருந்த பெட்டியை எடுத்துத் திறந்தாள். இரண்டும் டி நிலையில் இருந்தன. பெட்டியை மூடித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடந்த சனிக்கிழமை நான் போனது ஹோர்சன்ஸில் அப்பா முதல் தடவை வந்த அதே மண்டபம். கோல் கம்பங்களைச் சுவரோடு தள்ளி வைத்திருந்தார்கள். கூரையில் ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன. அக்கா மேடைக்குக் கீழே நின்று ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு சோதனை இரைச்சல் ஒலியை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் மூடி இருந்தது. என்னைக் கண்டதும் கையைக் காட்டினாள். மூன்றாம் வரிசை ஓரக் கதிரையில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, டேனிஷில், ஒதுக்கப்பட்டது. அந்த இருக்கைக்கு எவரும் வரவிருக்கவில்லை. வாசலில் சீட்டுப் பார்க்கிறவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

நான்கு மணி நாற்பது நிமிடத்துக்குக் கால்கள் தாமாக மேசைக்குப் பின்னால் போயின. வழக்கமாக நான் வயரை மாற்றுகிற நேரம் அது. குனிந்த பிறகுதான் இன்று மாற்றத் தேவையில்லை என்பது நினைவுக்கு வந்தது. அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளுடைய சப்பாத்து மட்டும் எனக்குத் தெரிந்தது.

“டேய், அங்கை என்ன செய்யிறாய்?”

“சும்மா.”

“சும்மாவெண்டால் அதைத் தொடாதை. நான் சரியாத்தான் குத்தியிருக்கிறன்.”

கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணினேன். வயர் ஏழாவது துளையில் இருந்தது.